கார் முன்கண்ணாடியில் பாதுகாப்பாகத் துளை போடப் பழகுவது எப்படி?

கிருஷ்ணகிரியில் கண்ணாடி ரிப்பேர் கற்றுக்கொள்கிறீர்கள், கல் தெறித்த இடத்தில் டிரில் வைக்கப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் நல்லதுதான். எல்லாத் தெறிப்புக்கும் டிரில் தேவையில்லை. விரிசலை நிரப்பும் திரவப் பசையான ரெசின் தானாக உள்ளே இறங்கினால் துளையே போடாதீர்கள். வாய் அடைபட்டு ரெசின் போகாத விரிசலுக்கு மட்டும்தான் அது.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். வெளித்தகடு சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். துளை அதற்குள்ளேயே நிற்க வேண்டும், படலத்தைத் தொடவே கூடாது. சுமார் 1 மில்லிமீட்டர் கார்பைடு பிட் (டிரிலில் மாட்டும் கடினமான முனை) போதும். அழுத்தாதீர்கள், வேகமே அறுத்துக்கொள்ளும். ஓரிரு நொடி தொடுங்கள், எடுங்கள், பொடியைத் துடைத்துவிட்டு ஆழத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடிக்குப் பதிலாகப் பிசுபிசுவென்று வந்தால் படலத்தில் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பெங்களூர் நெடுஞ்சாலையில் வெயிலில் ஓடி வந்த வண்டியில் உடனே கை வைக்காதீர்கள். நிழலில் நிறுத்தி, கண்ணாடி தானாக ஆறட்டும். தண்ணீர் ஊற்றினால் விரிசல் நீண்டு பரவிவிடும்.

அப்புறம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். காயலான் கடையில் உடைந்த முன்கண்ணாடி ஒன்று வாங்கி, கை நிதானப்படும்வரை அதிலேயே பழகுங்கள். பக்கவாட்டுக் கண்ணாடி வேண்டாம். அது பெரும்பாலும் டெம்பர்டு, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி, பிட் பட்டதும் மொத்தமாக நொறுங்கிக் கொட்டிவிடும்.