நடுராத்திரியில் தனியாகத் திகில் படம் பார்க்கிறேன்... இது தப்பா?

கேள்வி: எனக்கு 58 வயது. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர், 30 வருஷம் நைட் சர்வீஸ் ஓட்டினார். போன மாசியில் நெஞ்சுவலி வந்து தவறிவிட்டார். மகன், மருமகள், பேரனோடு இருக்கிறேன். ஏழெட்டு மாதமாக, எல்லோரும் தூங்கிய பிறகு செல்போனில் இயர்போன் மாட்டிக்கொண்டு திகில் படமாகப் பார்க்கிறேன். எந்த பாஷையாக இருந்தாலும் சரி. முன்பெல்லாம் டி.வி.யில் இந்த மாதிரிப் படம் வந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்த ஒரு மாதமாக தினமும் படுக்க இரண்டு மணி, மூன்று மணி ஆகிறது. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்து முடித்ததும் நெஞ்சு லேசாகிறது. பிள்ளை இருக்கிற வீட்டில் இதெல்லாம் ஓடக்கூடாது என்கிறாள் மருமகள். பக்கத்து வீட்டு மதினி, ஏதோ பிடித்திருக்கிறது, கோடாங்கியிடம் பார்க்கலாம் என்கிறார். நான் சரியாகத்தான் இருக்கிறேனா? மருமகளிடம் என்ன சொல்வது?

*பெயர் வேண்டாம், மேலூர் வட்டம்*

பதில்: அன்புள்ள அக்கா,

இரண்டு விஷயங்களைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அவர் 30 வருஷம் நைட் சர்வீஸ் ஓட்டினார் என்பது ஒன்று. இந்த ஒரு மாதமாகத்தான் அதிகமாகிவிட்டது என்பது இன்னொன்று. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன்.

ராத்திரி வண்டி ஓட்டுகிறவரின் மனைவி எப்படித் தூங்குவாள் என்று எனக்குத் தெரியும். என் பெரியப்பா லாரி ஓட்டினார். பெரியம்மாவுக்குக் கண் மூடியிருக்கும், காது விழித்திருக்கும். கேட் திறக்கும் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம். இந்த மூன்றும் கேட்ட பிறகுதான் அவருக்குத் தூக்கமே வரும். 30 வருஷம் அப்படிப் பழகிய காது, 16ஆம் நாள் கருமாதி முடிந்த கையோடு, இனி கேட் சத்தம் வராது என்று ஒத்துக்கொண்டுவிடுமா அக்கா?

திகில் படத்தில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் காத்திருப்புதான் என்று நினைக்கிறேன். வீணை எஸ்.பாலசந்தர் 1964இல் எடுத்த 'பொம்மை'யை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒருவரைக் கொல்ல பொம்மைக்குள் வெடிகுண்டு வைத்துவிடுகிறார்கள். அந்தப் பொம்மை கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. வாங்குகிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, நமக்குத் தெரியும். குண்டு வெடிப்பது ஒரு நொடி. அதுவரை நாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மொத்தப் படமும். இந்த வகைப் படங்கள் எல்லாமே காத்திருக்க வைக்கும் படங்கள். ஒரே வித்தியாசம், படத்தில் காத்திருப்பு முடிந்துவிடும். கதவு திறக்கும், வந்தது யார் என்று தெரியும், விளக்கு எரியும். அடித்துக்கொண்ட நெஞ்சு மெல்ல அடங்கும். படம் முடிந்ததும் நெஞ்சு லேசாகிறது என்கிறீர்களே, அது இதுதான். உங்கள் வீட்டு ராத்திரிக்கு அந்த முடிவு இன்னும் கிடைக்கவில்லை. படத்திலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்கிறீர்கள். இதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்த ஒரு மாதம். நீங்கள் எழுதியிருப்பது தை மாதம். அடுத்து மாசி, அவருடைய தலைத்திவசம். இறந்த நாள் நெருங்க நெருங்க, ஆறிவிட்டது என்று நினைத்த துக்கம் திரும்பப் பொங்கிவரும். தேதியை நாம் நினைக்காவிட்டாலும் உடம்பு நினைத்துக்கொள்ளும். மனநல மருத்துவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள், இதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். தாப்ஸி நடித்த 'கேம் ஓவர்' (2019) இதை மையமாக வைத்து எடுத்த படம். அஷ்வின் சரவணன் இயக்கியது. தனக்குக் கொடுமை நடந்த நாள் நெருங்கும்போது ஒரு பெண் நிலைகுலைந்து போவதையும், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் கலாம்மா என்ற பணிப்பெண்ணின் அன்பையும் அவ்வளவு நுணுக்கமாகக் காட்டியிருப்பார். நல்ல படம். ஆனால் வன்முறை அதிகம். இந்த மாதம் அதைப் பார்க்காதீர்கள், திதி முடியட்டும்.

சரி, எந்தப் படம் தேறும், எது தேறாது? நீங்கள் மேலூர்க்காரர், அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பிடம் எத்தனை முறை நின்றிருப்பீர்கள். அங்கே சிலை கிடையாது. சாத்திய கதவுக்குத்தான் சந்தனம், கதவுக்குத்தான் மாலை. அந்தக் கதவுக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்காவது துணிச்சல் வருமா? உள்ளே இருப்பதைக் காட்டாததால்தான் அந்த நடுக்கம். நல்ல திகில் படம் எடுக்கிறவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியும். தெரியாதவர்கள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெள்ளைச் சேலையைக் காட்டி, காதைப் பிளக்கும் சத்தத்தைப் போட்டுவிடுவார்கள். அது திடுக்கிடல்தான், பட்டாசு வெடித்தாலும் நாம் திடுக்கிடுவோம். ஒன்று செய்து பாருங்கள். பயந்த இடத்தில் இயர்போனைக் கழற்றிவிட்டு அதே காட்சியைத் திரும்ப ஓட்டுங்கள். பயம் மொத்தமும் போய்விட்டால், அந்தப் படத்தில் சத்தம் தவிர வேறு சரக்கு இல்லை என்று அர்த்தம்.

உங்களுக்கென்றே நினைவுக்கு வந்த ஒரு படம் 'தி பாபடூக்'. 2014இல் ஜெனிஃபர் கென்ட் என்ற பெண் இயக்கிய ஆஸ்திரேலியப் படம். பிரசவத்துக்காக மனைவியைக் காரில் கூட்டிப்போகும் வழியில் விபத்தில் கணவன் இறந்துவிடுகிறான். பிறந்த பையனின் பிறந்தநாளும் அப்பா இறந்த நாளும் ஒன்றே. அதனால் அந்தப் பிறந்தநாளை அந்தத் தேதியில் கொண்டாடுவதே இல்லை. கணவனின் பேரை எடுக்கக்கூட அவளால் முடியாது. அவனுடைய சட்டை, சாமான் எல்லாம் வீட்டுக்குக் கீழே ஒரு அறையில் கிடக்கின்றன. அந்த வீட்டுக்குள் ஒரு பூதம் வருகிறது. முடிவைச் சொல்ல மாட்டேன். அவள் அந்தப் பூதத்தைக் கொல்லவும் இல்லை, விரட்டவும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். என்ன செய்கிறாள் என்று நீங்களே பாருங்கள். நான் பார்த்துவிட்டு வெகுநேரம் அழுதேன். துக்கத்தைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பேசிய குடும்பப் படங்கள்கூடக் குறைவு. தாயே பிள்ளையிடம் கொடூரமாக நடந்துகொள்ளும் காட்சிகள் வரும், அதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று மலையாளத்தில் 'பூதகாலம்', 2022இல் வந்தது. நம்ம ரேவதி தாயாக நடித்திருக்கிறார், கேரள அரசின் சிறந்த நடிகை விருதும் வாங்கினார். பாட்டி இறந்த வீட்டில் தாயும் மகனும் மட்டும். தாய்க்கு மன அழுத்தம், மகனுக்கு வேலை இல்லை. வீட்டில் ஏதோ சரியில்லை என்று மகன் சொல்வதை யாரும் நம்புவதில்லை, அவனுக்கு மனசு சரியில்லை என்கிறார்கள். பேயைவிட அந்த நம்பாமைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, பேசாமலே போகிற இரண்டு பேர். இதை மகனோடு சேர்ந்து பார்த்தால் நல்லது.

எனக்கு வருத்தம் தரும் படங்களும் உண்டு. மனநோய் என்றால் கொலைவெறி என்று முடிச்சுப் போடுகிறவை. 'மூடுபனி'யின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் எனக்கு உயிர். அப்படியும், அந்த வகைப் படங்கள் வரிசையாக வந்ததில், 'சைக்கோ' என்பது நம் தெருக்களில் வசவாகவே ஆகிவிட்டது. மனசு சரியில்லாத ஒருவர் மருத்துவரிடம் போகக் கூச்சப்படுவதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்டில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. சினிமாவில் அவர்களைக் கத்தியோடு பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். நிஜத்தில் சங்கிலி யார் காலில் இருந்தது? 'மணிச்சித்திரத்தாழ்' 1993லேயே இதில் ஒரு படி மேலே போனது. நமக்கு அது 'சந்திரமுகி'யாக வந்தது. நோயை அதில் காட்டிய விதம் சினிமாத்தனமானதுதான். ஆனாலும் ஒரு டாக்டர் வருகிறார், கணவன் மனைவியை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறான்.

கோடாங்கி விஷயத்துக்கு வருகிறேன். மதினி உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார், கோபப்படாதீர்கள். உங்களை எதுவும் பிடிக்கவில்லை. கேதத்துக்கு வந்தவர்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது உங்கள் துக்கத்துக்குத் துணை இருந்தது. பதினாறு முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதீர்களா? மதினியைக் கூப்பிட்டு, கோடாங்கி வேண்டாம், ஒரு மணி நேரம் என்னோடு உட்காருங்கள், அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்று மணி வரை விழிப்பது 58 வயது உடம்புக்கு ஆகாது. படத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். இயர்போனையும் குறையுங்கள். மதுரையில் முன்பு இருந்த தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே திகில் காட்சி வந்தால் ஒருவர் அலறுவார், பின்னால் இருந்து ஒருவர் சிரிப்பார், பயம் பத்துப் பேருக்குப் பங்காகிவிடும். இயர்போனுக்குள் அத்தனையும் உங்கள் ஒருத்தர் தலையில் இறங்குகிறது. திதி முடிந்து ஒரு மாதம் ஆன பிறகும் தூக்கம் திரும்பவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அவரோடேயே போயிருக்கலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மகனோடு போய் வாருங்கள். போயிருக்கலாம் என்ற அந்த எண்ணம் இன்றைக்கே இருந்தால் திதி வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

மருமகள் சொல்வதில் ஒரு பாதி நியாயம். பேரன் கண்ணில் இந்தப் படங்கள் படக்கூடாது. அதற்கு நீங்கள் வாக்குக் கொடுத்துவிடுங்கள். மற்றபடி அவளிடம் படத்தைப் பற்றி வாதாட வேண்டாம். "உங்க மாமா வர்ற சத்தத்துக்காக நான் 30 வருஷம் முழிச்சிருந்தேன்மா, அந்தப் பழக்கம் இன்னும் போகலை" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு அது தெரியாமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பேரன் தூங்கிய பிறகு 'பூதகாலம்' போடும்போது, அவளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.