பழைய போர்டு வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள்: கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: புளியந்தோப்பில் குடிசை மாற்று வாரியம் அந்தக் காலத்தில் கட்டிக் கொடுத்த அடுக்குமாடியில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். ஒதுக்கீடு, இறந்துபோன என் பாட்டி பெயரில். நாங்களும் சித்தப்பா குடும்பமும் அந்த ஒரே வீட்டில்தான். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகவும், அதுவரை வெளியே தங்க 24,000 ரூபாய் தருவதாகவும் சொல்லிக் கணக்கெடுத்துப் போயிருக்கிறார்கள். அம்மா சாயங்காலம் தெருமுனையில் இட்லி, வடை போட்டு விற்கிறார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வியாசர்பாடியில், தங்கை வீட்டருகே வாடகைக்குப் பார்த்தால் அங்கே அதற்குள் வாடகை ஏறிவிட்டது. அவள் தெருவுக்கோ எந்தத் திட்டமும் வரவில்லை. நாங்கள் திரும்பி வருவோமா? எதில் உஷாராக இருக்க வேண்டும்?

பதில்: திரும்பி வரலாம். ஆனால் அது பயனாளிகள் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கூட்டத்தில் எல்லோரும் புதுக் கட்டடத்தின் படத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பட்டியலைப் பாருங்கள். உங்களைப் பொறுத்தவரை திட்டம் என்பதே அந்தப் பட்டியல்தான்.

முதலில், இடிக்கத்தான் வேண்டுமா என்ற சந்தேகம் இருந்தால் அதை விட்டுவிடலாம். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. கூரையில் கம்பி தெரிகிறது, கழிவறைச் சுவரில் நீர் கசிகிறது என்றால் அந்த வீட்டைக் காப்பாற்றப் போராடுவதில் பொருள் இல்லை. போராட வேண்டியது திரும்பி வரும் நிபந்தனைகளுக்காக.

இப்போது பாட்டி பெயர் விஷயம். வடசென்னையில் நான் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. ஒதுக்கீட்டு ஆணையில் ஒருவர் பெயர், மின் இணைப்பில் இன்னொருவர், ரேஷன் அட்டையில் மூன்றாமவர் என்று இருக்கும். வீடு நிற்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். இடித்த பிறகு கேட்பார்கள். பாட்டியின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், பழைய ஒதுக்கீட்டு ஆணை, தவணை அல்லது வாடகை கட்டிய ரசீதுகள் இவற்றைச் சேர்த்து வாரியத்தின் எஸ்டேட் அலுவலகத்தில் இப்போதே பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள். ஒதுக்கீட்டு ஆணை தொலைந்திருந்தால் நகல் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பாக்கி ஏதாவது இருந்தால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி வீட்டைக் காலி செய்ய வேண்டாம்.

சித்தப்பா குடும்பத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒரு பழைய வீட்டுக்கு ஒரு புது வீடு என்பதுதான் வழக்கம். வீட்டுக்குள் இரண்டு அடுப்பு எரிகிறது என்பதற்காகத் தானாக இரண்டு வீடு கிடைக்காது. ஆனால் பல இடங்களில் புதுக் கட்டடம் உயரமாக வருவதால், பழைய எண்ணிக்கையைவிட வீடுகள் கூடுதலாக வரும். அந்தக் கூடுதல் வீடுகள் யாருக்கு என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதே வளாகத்தில் நெருக்கடியில் இருக்கும் இரண்டாம் குடும்பங்களுக்கு முதலிடம் தர வேண்டும் என்று, தனி ரேஷன் அட்டை வைத்திருக்கும் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து மனுக் கொடுங்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் சித்தப்பா குடும்பம் தனிக் குடும்பமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் திருத்தக் கேளுங்கள். அப்பாவும் சித்தப்பாவும் இருவருமே வாரிசுகள். யார் பெயரில் மாற்றுவது என்று குடும்பத்துக்குள் இப்போதே உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வீடு வந்த பிறகு இந்தப் பேச்சு சுமுகமாக முடிந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் வளாகத்தில் வாடகைக்கு இருப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். ஒதுக்கீடுதாரர் பெயரில் கணக்கு நடக்கும்போது அவர்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள். பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு காசு உதவியும் இல்லாமல் போவதைக் காலி செய்யும் நாளில்தான் மற்றவர்கள் கவனிக்கிறார்கள்.

அடுத்தது 24,000 ரூபாய். முன்பு 8,000 ஆக இருந்ததை உயர்த்தியது நல்ல காரியம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 6,000 வாடகை என்று வைத்தால் நான்கு மாதம். வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்ஸுக்கே அது போய்விடும். அடுக்குமாடி கட்டி முடிக்க ஒன்றரை, இரண்டு வருடம் சாதாரணமாக ஆகும், இழுத்தால் இன்னும் கூடும். மிச்ச மாதங்களின் வாடகை குடும்பத்தின் தலையில்தான்.

வியாசர்பாடியில் வாடகை ஏறியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சில நூறு குடும்பங்கள் ஒரே மாதத்தில் காலி செய்யும்போது எல்லோரும் நடந்து போகும் தூரத்தில்தான் வீடு தேடுவார்கள். பிள்ளைகளின் பள்ளி இங்கே, வேலை இங்கே, கடன் சொல்லி வாங்கும் மளிகைக் கடை இங்கே. ஆக, புளியந்தோப்பில் நடக்கும் கட்டுமானத்தின் சுமையை வியாசர்பாடியில் ஏற்கெனவே வாடகைக்கு இருப்பவர்கள் சுமக்கிறார்கள். எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இந்தச் செலவு எழுதப்படுவதில்லை. என் கருத்தில், உதவித் தொகை சாவி கைக்கு வரும் மாதம்வரை மாதாமாதம் தரப்பட வேண்டும். அப்படித் தந்தால்தான் கட்டுமானம் தாமதமாகும்போது அரசுக்கும் வலிக்கும். அது வரும்வரை நீங்கள் கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது: இடம் ஒத்துழைத்தால் எல்லா பிளாக்கையும் ஒரே நேரத்தில் இடிக்காமல், ஒன்றைக் கட்டிக் குடியேற்றிய பிறகு அடுத்ததை இடிக்கச் சொல்லுங்கள்.

காலி செய்வதற்கான ஒப்புதலில் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளில் சில விஷயங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் வீடு என்ற வாசகம், வீட்டின் பரப்பு, கட்டி முடிக்கும் தேதி, நீங்கள் கட்ட வேண்டிய பயனாளிப் பங்குத் தொகை. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். லட்சத்தைத் தாண்டிய பங்குத் தொகை கேட்கப்பட்டு, அதைப் புரட்ட முடியாமல் குடும்பங்கள் தவித்த திட்டங்கள் உண்டு. எவ்வளவு, எப்போது, வங்கிக் கடன் ஏற்பாடு உண்டா என்று முன்னதாகவே தெரிந்தால் கந்துவட்டிக்குப் போகாமல் தப்பலாம். மாடி ஒதுக்கீடு குலுக்கல் முறையில் நடக்கும்போது வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கீழ்த்தளம் தரச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் ஒத்துப்போனால் புது வீட்டு ஒதுக்கீட்டை அம்மா பெயரில் கேளுங்கள். வெளியே இருக்கும் காலத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் நீங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே இடம் என்பதில் நான் ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஏழைகளை 20 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்த காலம் முடிந்து வெகுநாள் ஆகவில்லை. வீடு கிடைத்தது, வேலை போனது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் பஸ் பிடித்துப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தார்கள்.

கட்டடத்தின் தரம் பற்றி உங்கள் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021ல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் வாரியம் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் கை பட்டாலே பூச்சு உதிர்ந்ததை ஊரே பார்த்தது. ஐஐடி நிபுணர்களை வைத்து ஆய்வு செய்ய வேண்டி வந்தது. குடியேறும் முன் ஒவ்வொரு வீட்டையும் அதன் உரிமையாளரும் பொறியாளரும் சேர்ந்து பார்த்துக் குறைகளை எழுதிக் கையெழுத்துப் போடும் முறை வேண்டும் என்று கேளுங்கள். சுவரை விரல் முட்டியால் தட்டுங்கள், பூச்சு பிடிக்காத இடத்தில் சத்தம் வெற்றுச் சத்தமாகக் கேட்கும். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி அது எந்தப் பக்கம் ஓடுகிறது, கீழ்வீட்டில் கசிகிறதா என்று பாருங்கள். லிஃப்ட் உள்ள கட்டடம் என்றால் பராமரிப்புச் செலவு பழைய கட்டடத்தைவிட அதிகம். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையான தொகையை அரசும் தருகிறது. சங்கத்தைக் குடியேறிய பிறகு தொடங்கலாம் என்று விடாதீர்கள். இந்த மனுக்களையெல்லாம் கொடுக்கவே உங்களுக்குச் சங்கம் வேண்டும்.

அம்மாவின் கடைக்கு வருவோம். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரும்வரை தெரு வியாபாரியை அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தெருக் கடைகள் பற்றி முடிவெடுக்க அந்தச் சட்டம் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளே, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அம்மாவிடம் மாநகராட்சி அடையாள அட்டை இல்லை என்றால் மண்டல அலுவலகத்தில் விண்ணப்பித்து, விண்ணப்பத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். கடை போடும் இடத்தில், தேதி தெரியும்படி சில படங்கள் எடுத்து வையுங்கள். கட்டுமானத் தகரத்தை அடித்து நடைபாதையை மூடும்போது இதெல்லாம் தேவைப்படும். புது வளாகத்தின் திட்டத்திலேயே முன்பக்கம் சிறு கடைகளுக்கு இடம் விடச் சொல்லி இப்போதே கேட்கலாம், வரைபடம் முடிந்த பிறகு கேட்டால் பயனில்லை.

கடைசியாகத் தங்கை தெரு. புளியந்தோப்பு திரு.வி.க. நகர் மண்டலம், வியாசர்பாடி தண்டையார்பேட்டை மண்டலம். நடுவில் ரயில் பாதை. மழை பெய்தால் இரண்டையும் இணைக்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கி இரண்டு பக்கமும் சேர்ந்துதான் தவிக்கும். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023ல் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு, பல துறைகளின் பணிகளும் சேர்ந்து அதன்பின் பல மடங்கு விரிந்தது. இப்படி எல்லை தாண்டி ஒரே திட்டமாகப் போட்டது சரியான முடிவு. ஆனாலும் பணம் இறங்குவது பூங்கா, நூலகம், சமுதாயக் கூடம், பள்ளிக் கட்டடம் என்று அரசுக்கு நிலம் இருக்கும் இடத்தில்தான். நிலம் ரயில்வேயுடையதாகவோ வேறு துறையுடையதாகவோ இருக்கும் தெரு விட்டுப்போகிறது. குடிசைப் பகுதி என்ற சட்ட அங்கீகாரத்திலும் இதே கதை. 1971ல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன, 1985ல் இன்னும் 17. அதன்பின் பல பத்தாண்டுகள் ஒரு பகுதிகூடச் சேர்க்கப்படவில்லை. நகரம் மட்டும் வளர்ந்தது.

இதற்கிடையில் பின்னி மில் இருந்த இடத்தில் வசதியானவர்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. மாதவரத்திலிருந்து வரும் மெட்ரோ, பெரம்பூர், ஓட்டேரி, பெரம்பூர் பாராக்ஸ் ரோடு வழியாக வருகிறது. நில மதிப்பு இன்னும் ஏறும். இப்படித் திட்டத்திலும் அறிவிப்பிலும் விட்டுப்போன தெருக்களுக்குத்தான் அதன் அழுத்தம் முதலில் வரும். அதனால் தங்கை செய்ய வேண்டிய முதல் வேலை, தெரு நிலம் யாருடையது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சர்வே எண் வைத்துத் தெரிந்துகொள்வது. அது தெரியாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ‘இது எங்களுடையது இல்லை’ என்று அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் இரண்டு தெருக்காரர்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். வாடகை உதவி, படிப்படியாக இடிப்பது, தங்கை தெருவுக்குக் குடிநீர், கழிவுநீர் இணைப்பு ஆகிய மூன்றையும் அதில் சேருங்கள். வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் இரண்டு வார்டுகளிலும் நடக்கும்போது அதைக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வளர்ச்சித் திட்டத்தை ஒருங்கிணைப்பது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) என்பதால் அங்கேயும் ஒரு நகல் போக வேண்டும்.