டாக்டர் ஏன் பதில் சொல்லவில்லை? டெக்சாஸிலிருந்து ஒரு கடிதம்

கேள்வி: டாலஸில் வசிக்கிறோம். கணவருக்கு வேலைக்கான எச்-1பி விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4. இது எங்கள் முதல் குழந்தை. 19-ஆவது வார ஸ்கேனில் குழந்தைக்கு மண்டை ஓடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகவில்லை என்று தெரிந்தது. பிறந்தாலும் சில மணி நேரம்தான் என்றார் டாக்டர். “அடுத்து என்ன செய்யலாம்?” என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கருக்கலைப்புக்காக வேறு மாநிலத்துக்குப் போவது குற்றமா? அழைத்துப் போகும் கணவர் மீது வழக்கு வருமா? விசா போய்விடுமா? பேசாமல் ஊருக்கே வந்துவிடலாமா? வளைகாப்புக்கென்று அம்மா இப்போதே அனுப்பிவிட்ட வளையல்கள் பிரிக்காத பெட்டியில் இருக்கின்றன. – பெயர் வேண்டாம்.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகு உடனே எழுத உட்கார முடியவில்லை. ஆனால் உங்களுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம் என்பதால் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நியூ மெக்சிகோவுக்கோ கொலராடோவுக்கோ சென்று, அந்த மாநிலச் சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொள்வது குற்றம் அல்ல. டெக்சாஸ் சட்டமும் கர்ப்பிணியைத் தண்டிப்பதில்லை. அதை அந்தச் சட்டமே சொல்கிறது.

அது குறிவைப்பது மருத்துவரை. 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய 1973-ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை ரத்து செய்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. டெக்சாஸ் முன்கூட்டியே இயற்றி வைத்திருந்த தடைச் சட்டம் அந்த ஆகஸ்ட் 25-இல் நடைமுறைக்கு வந்தது. மீறும் மருத்துவருக்கு ஆயுள் தண்டனை வரை சிறை, குறைந்தது 1 லட்சம் டாலர் அபராதம், உரிமம் பறிப்பு. தாயின் உயிருக்கு ஆபத்து, அல்லது முக்கியமான ஓர் உடலியக்கம் கடுமையாகப் பாதிக்கப்படும் அபாயம் இருந்தால் மட்டுமே விலக்கு. சிசு பிழைக்க வழியில்லை என்பது விலக்கில் சேராது. உங்கள் டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இந்தப் பயமாகவே இருக்கும். உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

நீதிமன்றம் போகலாமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். 2023 டிசம்பரில் டாலஸ் பகுதியைச் சேர்ந்த கேட் காக்ஸ், குழந்தைக்கு டிரைசோமி 18 என்ற கடுமையான குரோமோசோம் குறைபாடு இருந்த நிலையில் வழக்குத் தொடுத்தார். கீழமை நீதிபதி அனுமதி தந்தார். மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பு வருவதற்குள் அவர் மாநிலத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. இன்னொரு வழக்கில், உங்கள் குழந்தைக்கு உள்ள அதே குறைபாட்டோடு பிள்ளை பெற்ற ஒரு தாய் ஆஸ்டின் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்தக் குழந்தை நான்கு மணி நேரம் இருந்தது. அந்த வழக்கும் 2024 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2025-இல் சட்டமன்றம் தாய்க்கான விலக்கின் சொற்களைத் தெளிவுபடுத்தியது. சிசுவின் குறைபாட்டைத் தொடவே இல்லை.

எத்தனை மணி நேரம் வாழ்ந்தாலும் அதுவும் ஓர் உயிர், குறைபாட்டைக் காரணம் காட்டத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று இந்தச் சட்டத்தின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். மனதார அப்படி நம்புகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த நம்பிக்கையை உங்கள் வயிற்றில் சுமக்கச் சொல்லும் உரிமை எந்தச் சட்டமன்றத்துக்கும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

கணவர் விஷயம். கருக்கலைப்புக்கு உதவியவர் மீது யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டுக் குறைந்தது 10,000 டாலர் கேட்கலாம் என்ற 2021-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவரைப் பயமுறுத்துகிறது. அது டெக்சாஸ் சட்டத்தை மீறி நடக்கும் கருக்கலைப்பைப் பற்றியது. இன்னொரு மாநிலத்தில் முறைப்படி நடப்பது அதில் வராது. ஒரு மாநிலம் தன் மக்களை இன்னொரு மாநிலத்துக்குப் போகவிடாமல் தடுக்க முடியாது என்று டாப்ஸ் தீர்ப்பிலேயே நீதிபதி கேவனா தனியாக எழுதியிருக்கிறார். டெக்சாஸில் லபக் போன்ற சில மாவட்டங்கள், தங்கள் சாலை வழியாக இதற்கென அழைத்துப் போகிறவர்கள் மீது தனிநபர் வழக்குப் போட விதி செய்திருக்கின்றன. அமரில்லோ நகர மக்கள் அதே போன்ற விதியை 2024 நவம்பரில் வாக்களித்து நிராகரித்தார்கள். அந்த வம்பே வேண்டாம், விமானத்தில் போங்கள். டாலஸிலிருந்து நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கிக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

உள்நாட்டுப் பயணம் என்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இருவரும் பாஸ்போர்ட்டையும் ஐ-94 தாளையும் (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு) கையில் வைத்திருங்கள். நியூ மெக்சிகோவின் தெற்கில் லாஸ் குரூசஸ் பக்கம் காரில் போக நேர்ந்தால் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி வரும். அங்கே கேட்பது குடியேற்ற ஆவணத்தைத்தான்.

இந்தியச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. சிசுவுக்குக் கடும் குறைபாடு என்றால் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் ஒப்புதல் போதும். அதற்கு மேல் மருத்துவக் குழு முடிவு செய்யும். ஆனாலும் இந்த நிலையில் அவ்வளவு நீண்ட விமானப் பயணம், திரும்பி வர விசா முத்திரை தேவைப்பட்டால் அதற்கான காத்திருப்பு, இரண்டையும் யோசியுங்கள். அம்மாவின் மடி வேண்டும் என்பதே காரணமானால், அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

தபாலில் மாத்திரை வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இத்தனை வாரத்தில் வீட்டில் தனியாகச் செய்துகொள்வது உங்கள் உயிரோடு விளையாடுவது. இடையில் குழந்தையின் இதயத்துடிப்பு தானாகவே நின்றுவிட்டால், அதன் பிறகான சிகிச்சை டெக்சாஸ் சட்டப்படி கருக்கலைப்பே அல்ல; உங்கள் மருத்துவமனையிலேயே செய்யலாம். மறுத்தால் எனக்கு எழுதுங்கள்.

நாளைக் காலையில் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் ஸ்கேன் அறிக்கை, படங்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். அவற்றைப் பெறுவது உங்கள் உரிமை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அல்புகர்க்கி மருத்துவமனைகளோடு தொலைபேசியில் பேசி, எந்த வாரம் வரை செய்கிறார்கள் என்று கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டம் வார வரம்பு வைக்காவிட்டாலும் மருத்துவமனைகள் வைத்திருக்கும். கணவரின் நிறுவனம் மருத்துவச் செலவைத் தானே ஏற்கும் திட்டம் வைத்திருந்தால் கருக்கலைப்புக்குக் காப்பீடு தருவதற்கு டெக்சாஸ் போட்ட தடை அதைக் கட்டுப்படுத்தாது. அதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். இவ்வளவையும் விசாரித்த பிறகு, பெற்று அந்தச் சில மணி நேரம் மடியில் வைத்திருக்கவே மனம் சொன்னால், அதுவும் உங்கள் முடிவுதான். அதைப் பற்றி உங்கள் டாக்டர் தயக்கமின்றிப் பேசுவார்.