வலைப்பூ தொடங்குவோர் கேட்டவை: முகவரி, எழுத்துரு, காப்புப்பிரதி

ஓய்வுபெற்ற ஆசிரியை, தேனி: எங்கள் பக்கத்து மூலிகைகளைப் பற்றி எழுத ஆசை. பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா? பணம் கட்ட வேண்டுமா?

கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் தொடங்குங்கள் அம்மா. ஜிமெயில் கணக்கு போதும், வாடகை கிடையாது, பாதுகாப்பையும் கூகுளே பார்த்துக்கொள்ளும். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) வாங்கி வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை நிறுவினால் தோற்றமும் வசதிகளும் நம் விருப்பம்தான். ஆனால் பிளகின் என்னும் துணைநிரல்களைப் புதுப்பிக்காமல் மாதக்கணக்கில் விட்டால், அந்த ஓட்டை வழியாகச் சூதாட்ட விளம்பரங்கள் உள்ளே புகுந்துவிடும். வாரம் ஒருமுறை கவனிக்க ஆள் இல்லையென்றால் அது வேண்டாம்.

செலவு செய்வதானால் சொந்த டொமைன் பெயருக்கு, அதாவது உங்கள் தளத்துக்கான தனி இணைய முகவரிக்குச் செய்யுங்கள். டாட் காம் பெயர் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். முதல் ஆண்டுச் சலுகை விலையை நம்பாமல், புதுப்பிக்கும் விலை என்ன என்று பார்த்து வாங்குங்கள். நாளை பிளாகரை விட்டு வேறிடம் போனாலும் உங்கள் முகவரி உங்களுடனேயே வரும். வேர்ட்பிரஸ்ஸில் இணைப்பு வடிவத்தை பிளாகரில் உள்ளதுபோலவே ஆண்டு, மாதம், பெயர், கடைசியில் டாட் எச்டிஎம்எல் என்று அமைத்து, ஒவ்வொரு பதிவுக்கும் பழைய பெயரையே வைத்தால் பதிவுகளின் பழைய இணைப்புகள் முறியாது.

சென்னை வாசகர்: டொமைன் வாங்கி பிளாகரில் இணைத்துவிட்டேன். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போட்டால் திறக்கிறது, போடாவிட்டால் ஏதோ விளம்பரப் பக்கம் வருகிறது.

டொமைன் அமைப்பில் பிளாகர் கேட்கும் இரண்டு சிநேம் (ஒரு பெயரை வேறொரு பெயருக்குச் சுட்டும்) பதிவுகளை மட்டும் போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்று முகவரிக்கு, மற்றது உரிமையைச் சரிபார்க்க. டபிள்யூ இல்லாத வெறும் பெயருக்கு கூகுள் தரும் நான்கு ஏ (பெயரை ஐபி எண்ணுக்குச் சுட்டும்) பதிவுகளையும் சேர்க்க வேண்டும். டொமைன் விற்ற நிறுவனம் தானாகப் போட்டுவைத்த பழைய ஏ பதிவை நீக்குங்கள். விளம்பரப் பக்கம் அதிலிருந்துதான் வருகிறது. பிறகு பிளாகர் அமைப்பில் வெறும் பெயரைத் திருப்பிவிடும் பொத்தானையும், எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) தொடர்பான இரண்டு பொத்தான்களையும் இயக்குங்கள். சான்றிதழ் வரச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து டொமைனை நீக்கி மறுபடி சேர்த்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.

கல்வெட்டு ஆர்வலர், கும்பகோணம்: ஒவ்வொரு பதிவின் முகவரியும் ‘பிளாக்-போஸ்ட்’ என்றும் ஓர் எண்ணுமாக வருகிறதே, ஏன்?

பிளாகர் முகவரியில் தமிழ் எழுத்தை ஏற்காது. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் அந்தப் பொதுப்பெயரைத் தானே வைத்துவிடும். வெளியிடும் முன் வலப்பக்கத்தில் ‘பெர்மாலிங்க்’ என்பதைத் திறந்து, ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்து, ரோமன் சிற்றெழுத்தில் மூன்று முதல் ஐந்து சொற்கள், நடுவே ஹைபன் போட்டு எழுதுங்கள். இதை முதல் பதிவிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெளியிட்ட பின் அது பூட்டிக்கொள்ளும். வரைவு நிலைக்குத் திருப்பி மாற்றலாம்தான், ஆனால் அதற்குள் பகிரப்பட்ட இணைப்புகள் முறியும். அப்படி மாற்றினால் அமைப்பில் ‘கஸ்டம் ரீடைரக்ட்’ பகுதியில் பழைய முகவரியையும் புதியதையும் கட்டாயம் பதிந்துவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் தமிழ் முகவரியை ஏற்கும். அங்கே சிக்கல் வேறு. ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது ரோமன் குறிகளாக மாறிச் சேமிக்கப்படுகிறது. மொத்த வரம்பு 200. ‘கோ’ என்பதே ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு. ஆக 22 குறிகளோடு தலைப்பு அரைகுறையாக வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகள் நிறைந்த நீளமான சரம் வந்து நிற்கும், பார்ப்பவர் அதைத் தொட அஞ்சுவார். அங்கும் ரோமனே நல்லது. தலைப்பு மட்டும் தமிழில் இருக்கட்டும்.

மட்டக்களப்பிலிருந்து: அப்பா பாமினியில அடிச்ச கட்டுரைகள் நிறையக் கிடக்கு. அப்படியே போடேலுமோ?

பாமினி, ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அப்படியே போட்டால் வாசகருக்குப் பொருளற்ற ரோமன் எழுத்துகள்தான் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் பாமினியிலிருந்து, இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு இரண்டு இடங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குழம்பியிருக்கும். அடுத்தது ஔகாரம்: ‘கௌரி’ என்பது ‘கெளரி’ என்று, ளகர எழுத்தோடு வந்திருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. ‘கெள’, ‘மெள’, ‘செள’ என்று தேடி ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். ஒரேயடியாக மாற்றச் சொன்னால் ‘மெள்ள’ போன்ற நல்ல சொற்களும் கெடும். வேர்டிலிருந்து ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தேவையற்ற வடிவமைப்பு கூட வராது. அப்பாவின் மூலக்கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.

கோவை: படங்கள் போட்டால் பக்கம் திறக்க நேரமாகிறது.

கைபேசிப் படம் ஒன்றே பல எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, 200 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே இதைச் செய்யும். வீட்டில் எடுத்த படமானால் அதில் பதிந்திருக்கும் இடவிவரத்தையும் நீக்குங்கள். கூகுள் தேடலில் கிடைக்கும் படங்களுக்கு உரிமையாளர் இருக்கிறார். பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் உரிமக் குறிப்பைப் படித்து, எடுத்தவர் பெயரோடு போடுங்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி: முதல் மாதம் தினமும் எழுதுகிறேன், பிறகு நின்றுவிடுகிறது. விளம்பர வருமானம் வருமா?

தினமும் எழுத வேண்டாம் தம்பி. தொடங்கும் முன்பே எட்டு வரைவுகள் கையில் வைத்துக்கொண்டு, மாதம் இரண்டு வெளியிடு. தேர்வு நேரத்தில் வரைவுகள் காப்பாற்றும். ஒரு பதிவில் ஒரே விஷயம். பழைய பதிவில் தகவல் மாறினால் புதிதாக எழுதாமல் அதையே திருத்தி, திருத்திய தேதியைப் போடு. நாள் கடந்தும் ஆள் வருவது அப்படிப்பட்ட பதிவுகளுக்குத்தான்.

கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். முதல் ஆண்டில் அதை எதிர்பார்க்காதே. சொந்த விளம்பரத்தை நீயே சொடுக்கினால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

மதுரை: ஃபேஸ்புக்கிலேயே எழுதினால் போதாதா?

அங்கே இரண்டு பத்தியும் இணைப்பும் போடுங்கள், முழுப் பதிவும் உங்கள் தளத்தில் இருக்கட்டும். பிறர் தளம் எப்போதும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. 2019இல் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, அதன் வழியாக பிளாகரில் வந்த பின்னூட்டங்கள் அத்தனையும் அழிந்தன. பிளாகரின் சொந்தப் பின்னூட்டங்கள் தப்பின.

தேனி ஆசிரியை மீண்டும்: எழுதியதெல்லாம் தொலைந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மாதம் ஒருமுறை அமைப்பில் ‘பேக்கப்’ எடுங்கள் அம்மா. அந்தக் கோப்பில் பதிவுகளும் பின்னூட்டங்களும் இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றைத் தனிக் கோப்புறையில் வையுங்கள். தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்புருவுக்கும் தனியாகக் காப்புப்பிரதி எடுக்க வேண்டும். யாருக்கும் தெரியாத இரண்டாவது வலைப்பூ ஒன்றைத் திறந்து, அந்தக் கோப்பை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். திறக்காத காப்புப்பிரதியால் பயனில்லை. கூகுள் கணக்கை 2 ஆண்டுகள் தொடாமல் விட்டால் அழிக்கப்படலாம் என்பது விதி. மகனையோ மகளையோ இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். டொமைனுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி, அதில் தந்த மின்னஞ்சல் நீங்கள் தினமும் பார்ப்பதுதானா என்று உறுதிசெய்யுங்கள். டாட் காம் பெயர் காலாவதியாகி மீட்புக் கட்டத்துக்குப் போனால் 30 நாள் அவகாசம் உண்டு, கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதையும் தவறவிட்டால் சில நாளில் பெயர் பொதுவிற்பனைக்கு வந்துவிடும்.