ஸ்காபரோ உறவுகளுக்கு விஸ்லர் காட்டி 14,000 டொலர் கடன்

கேள்வி: நாங்கள் வன்கூவருக்குப் பக்கத்தில் சர்ரேயில் இருக்கிறோம். கணவரின் அக்கா குடும்பமும் தம்பி குடும்பமும் மூன்று வருடமாக நத்தார் விடுமுறைக்கு ஸ்காபரோவிலிருந்து வருகிறார்கள். வந்தால் விஸ்லர் ஸ்கீ மலைக்குப் போகாமல் திரும்புவதில்லை. மாமியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், செலவு முழுவதும் எங்கள் கடனட்டையில். இந்த முறை 7,600 டொலர். போன வருட மிச்சத்தையும் கூட்டினால் 14,000. மாதம் 400 கட்டுகிறோம். பிள்ளைகள் இருவரின் கல்விச் சேமிப்பான ஆர்.ஈ.எஸ்.பி.யையும் இரண்டு வருடமாக நிறுத்திவிட்டோம். பங்கு கேட்கலாமே என்றால், "தம்பியிட்டக் காசு கேக்கிறதோ?" என்று கணவர் கோபிக்கிறார். விஸ்லரில் ஒருவர் 24,000 டொலருக்கு விடுமுறைப் புள்ளித் திட்டம் (வருடா வருடம் புள்ளிகளைக் கொடுத்து விடுதியில் தங்குவது) ஒன்று சொன்னார், வாழ்நாள் முழுக்கத் தங்குமிடச் செலவு மிச்சமாம். அதை எடுக்கலாமா? அல்லது வீட்டை ஈடுவைத்து லைன் ஒஃப் கிரெடிட் (வேண்டியபோது எடுக்கும் வங்கிக் கடன்) எடுத்துக் கடனை அடைக்கலாமா? அடுத்த விண்டருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மாவும் வருகிறார்.

பதில்: கடனட்டை வட்டி கெட்டது என்பது உங்களுக்குத் தெரியும். நேரே கணக்குக்கு வருகிறேன்.

உங்கள் அட்டையின் வட்டி 20.99 வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 14,000க்கு மாதம் ஏறக்குறைய 245 டொலர் வட்டி. நீங்கள் கட்டும் 400இல் கடனைக் குறைப்பது 155 மட்டுமே. இப்படியே கட்டினால், இனி ஒரு சதம்கூட அந்த அட்டையில் எடுக்காவிட்டாலும், முடிய நாலரை வருடம். வட்டி மட்டும் 7,800 டொலரைத் தாண்டும். இரண்டு விஸ்லர் பயணத்துக்கு ஏறக்குறைய மூன்று பயணத்தின் காசைக் கொடுக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எடுக்காமல் இருக்கப்போவதில்லையே. வரும் மார்கழியில் கடன் 12,000க்கு இறங்கியிருக்கும், அதன்மேல் இன்னொரு 7,600 ஏறும். அடுத்த தைப்பொங்கலுக்கு 19,500.

எனவே பிரச்சினை விஸ்லரில் இல்லை. கவுண்டரில் யாரும் பேர்ஸைத் தொடுமுன் உங்கள் கணவர் அட்டையை நீட்டுகிறாரே, அந்தப் பழக்கத்தில் இருக்கிறது. லைன் ஒஃப் கிரெடிட் வட்டி இதில் பாதிக்கும் குறைவாக வரும், உண்மை. ஆனால் அட்டை காலியானதும் மறுபடி நீட்டத்தான் செய்வார். பிறகு அட்டையிலும் கடன், வீட்டின் மேலும் கடன். அட்டையின் எல்லையை 3,000க்குக் குறைக்கும்படி வங்கிக்கு எழுதிக் கொடுக்க அவர் சம்மதித்தால் மாற்றுங்கள். சம்மதிக்காவிட்டால் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். இரண்டு இரவு தங்க 3,000. ஐந்து பேருக்கு இரண்டு நாள் லிஃப்ட் டிக்கெட், ஆளுக்கு நாளுக்கு 240 வீதம் 2,400. ஸ்கீ, பூட்ஸ் வாடகை 700. மற்றவர்களின் கொண்டோலா (கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி), சாப்பாடு, பார்க்கிங் 1,500. இரண்டாம் நாள் ஐவரில் மூவர் பத்தரை மணிக்கே கை விறைக்குது என்று கீழே வந்து ஹொட் சொக்லட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மூவரின் அன்றைய டிக்கெட்டும் வாடகையும் மட்டும் 930 டொலர். மாமியோ கொண்டோலாவில் கண்ணை மூடிக்கொண்டு போய் கண்ணை மூடிக்கொண்டே திரும்பினாராம். இரு மலைகளை இணைக்கும் அந்த பீக் டு பீக் கொண்டோலா 4.4 கிலோமீட்டர் தூரம், 2008இல் திறந்தது, பார்க்க வேண்டியதுதான். பார்க்க விரும்புகிறவர் பார்க்கட்டும்!

விஸ்லர் போன்ற கரையோர மலையில் முன்பணம் கட்டுவது பாதிச் சூதாட்டம். பசிபிக் கடலின் ஈரக்காற்று ஏறும் மலை அது. உச்சி ஏறக்குறைய 2,180 மீட்டர், கிராமம் 670 மீட்டர் அளவில். மேலே பனி கொட்டும் அதே நேரத்தில் கீழே மழை பெய்வது புதிதல்ல. 2010 வன்கூவர் குளிர்கால ஒலிம்பிக்குக்கே வன்கூவரை ஒட்டிய சைப்ரஸ் மலைக்கு லொறியிலும் ஹெலிகொப்டரிலும் பனி கொண்டுவந்து கொட்டினார்கள். விண்டர் முழுவதற்குமான எபிக் பாஸ் வாங்கினால் ஒரு நாளின் விலை குறையும் என்று யாராவது சொன்னால், வருடத்துக்கு எத்தனை நாள் சறுக்குகிறார்கள் என்று கேளுங்கள். ஸ்காபரோவிலிருந்து வந்து இரண்டு நாளில் அரை நாள் சறுக்குகிறவருக்கு அது மலிவே இல்லை.

ஸ்னோ பார்ப்பதுதான் ஆசை என்றால் அந்தப் பாதையில் காசில்லாமல் பார்க்க எவ்வளவோ உண்டு. வன்கூவருக்கும் விஸ்லருக்கும் நடுவில் ஸ்குவாமிஷ். அதை ஒட்டிய பிராக்கன்டேலில் கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை வெண்தலைக் கழுகுகள் கூட்டமாக வந்து இறங்கும். முட்டையிட்டு இறந்து ஆற்றங்கரையில் ஒதுங்கிய சம் சால்மன் மீன்தான் அவற்றுக்கு விருந்து. 1994இல் ஒரே நாள் கணக்கெடுப்பில் 3,769 கழுகுகள். வார இறுதிகளில் அணைக்கரையில் தொண்டர்கள் தொலைநோக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள், பிள்ளைகள் குனிந்து பார்க்கலாம். டிக்கெட் இல்லை. வழியில் 335 மீட்டர் ஷானன் அருவி, அதற்கும் இல்லை. நோர்த் வன்கூவரில் லின் கென்யன் தொங்குபாலமும் இலவசம்தான். ஸ்குவாமிஷுக்கு ஒரு நாள், லின் கென்யனுக்கு ஒரு நாள், விஸ்லருக்கு ஒரு நாள் போதும். விளக்குப் போட்ட மரங்களுக்கு நடுவே நடக்கவும் ஒலிம்பிக் பிளாசாவில் ஸ்கேட் செய்யவும் லிஃப்ட் தேவையில்லை. மத்தியானச் சோற்றைப் பிளாஸ்கில் கட்டிக்கொண்டு போங்கள். மூன்று நாளும் எரிபொருள், பார்க்கிங், ஸ்கேட் வாடகை, சாப்பாடு எல்லாம் 1,000க்குள் நிற்கும். அவர்கள் விமான நிலையத்தில் வான் வாடகைக்கு எடுத்தால் ஸ்னோ ரயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 99ஆம் நெடுஞ்சாலையில் ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை அது சட்டம்.

விடுமுறைப் புள்ளியைப் பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. 24,000ஐக் கடனுக்குத்தான் வாங்கப்போகிறீர்கள். அதோடு வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம், அது ஏறும், இறங்காது. நத்தார் வாரத்துக்குப் புள்ளி அதிகம் கேட்பார்கள். விற்கப்போனால் ஆள் கிடைப்பது கஷ்டம். இலவசக் காலைச் சாப்பாட்டோடு ஒன்றரை மணி நேரம் பேசி விற்க வேண்டிய பொருள் எதுவானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சின்னம்மாவுக்கு முதலில் வேண்டியது விருந்தினர் மருத்துவக் காப்பீடு. நம் மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான எம்.எஸ்.பி. அவருக்குக் கிடையாது. வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் வரும் பில்லுக்கு முன்னால் இந்த 14,000 சின்னதாகத் தெரியும். வாங்கும்போது விதிவிலக்குப் பக்கத்தைப் படியுங்கள்.

இனி கணவரிடம் பேசுவது. நீங்கள் மச்சாளிடமோ மச்சானிடமோ காசு கேட்க வேண்டாம், அது சண்டையில் முடியும். கேட்க வேண்டியவர் அவர், அதுவும் கவுண்டரில் நின்றுகொண்டல்ல. ஒக்டோபரிலேயே குடும்ப வட்ஸ்அப்பில் ஒரு வரி போடட்டும்: "வீடும் சாப்பாடும் எங்கட பொறுப்பு, ஸ்கீ போறவை தங்கட டிக்கெட்டை இப்பவே ஒன்லைனில எடுங்கோ." முன்னமே எடுத்தால் விலையும் குறைவு, மழை பெய்தால் அந்தச் சூதாட்டமும் அவரவருடையது. இந்த வரியால் வராமல் போகிறவர் உண்டென்றால் அவர் உங்களைப் பார்க்க வந்தவர் அல்ல.

புதுக் கடன் ஏறாமல் மாதம் 800 கட்டினால் 21 மாதத்தில் அட்டை முடியும். அதுவரை ஆர்.ஈ.எஸ்.பி.யை முழுதாக மறக்க வேண்டாம். ஒரு பிள்ளைக்கு வருடம் 2,500 போட்டால் அரசு 500 தருகிறது, இருவருக்கும் 1,000. 20 வீதம் சும்மா கிடைப்பதைத் தள்ளிவிட்டு 21 வீதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். விட்ட இரண்டு வருடமும் போய்விடவில்லை, வருடத்துக்கு ஒரு பழைய வருடத்தைச் சேர்த்துப் பிடிக்கலாம். கடன் முடிந்த மாதமே அந்த 800ஐ அப்படியே அங்கே திருப்பிவிடுங்கள்.