ஒரு பாட்டுப் போட எத்தனை நாள்? கேள்வி பதில்

மெட்டு, சுருதி, தாளம், இசைக்கோவை (மெட்டுக்கு வாத்தியங்கள் சேர்ப்பது), இவற்றுக்கு ஆகும் நேரம் பற்றிக் கேளுங்கள். எந்த மைக் வாங்கலாம், எந்தச் செயலி நல்லது என்பதற்கு நான் ஆள் இல்லை.

தெம்பனிஸ், தொடக்கப்பள்ளி ஆசிரியை: வணக்கம் மேடம். ஏப்ரல்ல தமிழ்மொழி மாத நிகழ்ச்சிக்குப் பிள்ளைங்க 30 பேர் பாட புதுப் பாட்டு வேணும், 3 நிமிஷம். வரி நாங்களே எழுதிட்டோம். இப்ப பிப்ரவரி கடைசி. முடியுமா?

முடியும் டீச்சர். ஆனால் மெட்டுக்கு எத்தனை நாள் என்று முன்னாலிருந்து எண்ணாதீர்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பின்னாலிருந்து எண்ணுங்கள். வாரம் ஒரு சிசிஏ (இணைப்பாட) வகுப்பு என்றால் நான்கு வகுப்பாவது வேண்டும். நடுவில் மார்ச் விடுமுறை ஒரு வாரத்தைத் தின்றுவிடும். ஆகப் பாட்டு உங்கள் கைக்கு வந்து சேரப் பத்து நாள்தான். போதும்.

முதலில் நீளத்தைக் கட்டிவிடுங்கள். நிமிடத்துக்கு 96 அடி (தாளத் தட்டு), நாலடிக்கு ஒரு பார் என்று வைத்தால் ஒரு பார் 2.5 விநாடி, 72 பார் போட்டால் சரியாக 180 விநாடி. முன்னிசை 4, பல்லவி 8, இடையிசை 8, முதல் சரணம் 16, பல்லவி 4, இடையிசை 8, இரண்டாம் சரணம் 16, கடைசிப் பல்லவி 8. பிள்ளைகள் பாடுவது 52 பார். இரண்டு சரணத்துக்கும் ஒரே மெட்டு என்பதால் புதிதாக மெட்டுப் போட வேண்டியது 24 பார்தான். அது ஒரு மாலை வேலை. மீதி நாட்கள் இடையிசைக்கும், பின்னணி டிராக்குக்கும், பிள்ளைகள் கேட்டுப் பழகப் பாடித் தரும் டிராக்குக்கும், திருத்தத்துக்கும் போகும்.

அடுத்தது சுருதி. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நடு ‘சி’யிலிருந்து மேல் ‘டி’ வரை சிரமமில்லாமல் வரும். கட்டை என்பது சுருதியின் அளவு: 1 கட்டை ‘சி’, 5 கட்டை ‘ஜி’. 1 கட்டையில் வைத்தால் ஸட்ஜமத்திலிருந்து மேல் ரிஷபம் வரை உங்களுக்கு இடம் உண்டு. 5 கட்டையில் வைத்தால் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேலே பஞ்சமம் வரை. இரண்டில் ஒன்றை இப்போதே முடிவு செய்யுங்கள். நம் சிங்கப்பூர் தேசிய கீதத்தையே 2001இல் ஜி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்கு இறக்கினார்கள், எல்லாருக்கும் பாட வரவேண்டும் என்று. பெரியவர்களுக்கே அப்படி என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்?

கடைசியாக ஒன்று. இதை இன்னும் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: மெட்டை ஆர்மோனியத்தோடு வெறும் குரலில் பாடி அனுப்பி, ‘சரி’ என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் இசைக்கோவையைத் தொட வேண்டும். வாட்ஸ்அப் செய்தி போதும். அந்த நிலையில் ஒரு வரியை மாற்ற இரண்டு நிமிடம். கோவை முடிந்த பிறகு அதே வரியை மாற்றினால் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), பேஸ் (கீழ்ச்சுரம்), அதற்குப் பதில் சொல்லும் புல்லாங்குழல், பாடித் தந்த டிராக் எல்லாம் மாறும். ஒரு நாள் போய்விடும்.

பொங்கோல்: கடைத் திறப்பு விளம்பரத்துக்கு 15 விநாடி இசை. எத்தனை நாள்?

ஒரு பகல். நிமிடத்துக்கு 128 அடி வைத்தால் 8 பார் சரியாக 15 விநாடி. கடைப் பெயர் ஏழாவது பாரின் முதல் அடியில் விழட்டும். சுருதியைப் பாடுபவரிடம் கேட்டு வையுங்கள்.

ஆங் மோ கியோ மாணவர்: அக்கா, ஹாண்டல் ‘மெஸாயா’வ 24 நாள்ல முடிச்சாராம். 2 மணி நேரத்துக்கு மேல வர்ற இசை! நான் ஒரு பாட்டுக்கு மூணு மாசமா உட்கார்ந்திருக்கேன். எனக்குத் திறமை இல்லையா?

24 நாள் என்பது உண்மைதான் தம்பி. 1741 ஆகஸ்ட் 22இல் தொடங்கி செப்டம்பர் 14இல் முடித்தார். ஆனால் அந்த 24 நாளுக்குள் என்ன இருந்தது, என்ன இல்லை என்று பாருங்கள். வரிகள் முழுவதும் தயாராக இருந்தன. வேறொருவர் தொகுத்துக் கொடுத்தது. சில கோரஸ்களுக்கு அதே கோடையில் தானே எழுதிய இத்தாலிய இருவர் பாடல்களை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். கீபோர்டு வாசிப்பவருக்குக் கீழ்ச்சுரமும் சில எண்களும் மட்டும் எழுதினால் போதும், நடுவில் உள்ளதை அவரே நிரப்பிக்கொள்வார். அந்தக் காலத்து வழக்கம் அது. எழுத்து வேலையில் பெரும் பகுதி அங்கேயே மிச்சம். மோட்சார்ட் 1783இல் லின்ஸ் நகரில் நாலைந்து நாளில் ஒரு முழு சிம்பனி எழுதினார், கச்சேரித் தேதி கழுத்தை நெரித்ததால். பிராம்ஸோ முதல் சிம்பனியை 1850களில் தொடங்கி 1876இல்தான் மேடையேற்றினார். இந்த மூவரில் யாருக்குத் திறமை குறைவு?

மூன்று மாதமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பல்லவி முடிந்ததா? பெரும்பாலும் முடிந்திருக்கும், அதையேதான் மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள். பல்லவியை அப்படியே விட்டுவிட்டு, மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை என்று சரணத்தை இன்றிரவே முடித்துவிடுங்கள். சரணம் பல்லவிக்குத் திரும்பும் இடம் எங்கே இடறுகிறது என்று தெரிந்தால்தான் பல்லவியில் எதை மாற்றுவது என்று தெரியும்.

ஈசூன்: ஏஐ 30 விநாடியில போட்டுக் குடுக்குதே, இதெல்லாம் எதுக்கு?

வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ‘இரண்டாம் சரணத்தில் மட்டும் மிருதங்கத்தை நிறுத்து, மெட்டு அப்படியே இருக்கட்டும், சுருதியை அரைக் கட்டை இறக்கு’ என்று திருத்தம் கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குச் சொல்லுங்கள்.

சிராங்கூன், ஒரு தாய்: மகளுக்கு டிசம்பர்ல அரங்கேற்றம். புதுத் தில்லானா செய்து தர ஒரு மாசம் கேக்கறாங்க. அஞ்சு நிமிஷ உருப்படிக்கு ஒரு மாசமாம்மா?

நியாயமான காலம்தான் அம்மா, சொல்லப்போனால் குறைவு. தில்லானாவில் வரி கொஞ்சம்தான்; பல்லவி, அனுபல்லவி முழுக்க ஜதிச் சொற்கள் (தாளச் சொற்கள்), சரணத்தில்தான் சாகித்தியம். அதனால் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கு அங்கேதான் இருக்கிறது. ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) என்றால் 16 எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நாலாக 64 மாத்திரை. சமத்தில் (சுற்றின் முதல் எண்ணிக்கை) தொடங்கிச் சமத்தில் முடியும் கோர்வைக்கு (மூன்று முறை திரும்பும் முடிப்பு) 20 மாத்திரைச் சொற்கட்டை மூன்று முறை வைத்து, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் 60 + 4 = 64. பல்லவி சமத்திலிருந்து ஒன்றரை எண்ணிக்கை தள்ளி எடுத்தால் கோர்வை இன்னும் 6 மாத்திரை நீள வேண்டும்: 22 மூன்று முறை, இடைவெளி அதே 4, மொத்தம் 70. எடுப்பு (பாட்டுத் தொடங்கும் இடம்) மாறினால் எல்லாக் கோர்வையும் மாறும். நட்டுவனார் ஒத்திகையில் ‘இந்த இடத்தில் அடவு இடிக்கிறது’ என்பார், திரும்ப எழுத வேண்டும். இந்தப் போக்குவரத்துக்குத்தான் அந்த மாதம்.

மகளுக்குப் பாடப்போவது யார் என்று முதலில் உறுதி செய்யுங்கள். பெண் குரல் 5, 5½ கட்டை, ஆண் குரல் 1, 1½ கட்டை என்று போகும். பாடகர் மாறினால் புல்லாங்குழல் மாறும், மிருதங்கமும் வேறு வேண்டியிருக்கும்.

புக்கிட் பாத்தோக்: ஒரு பாட்டுக்குச் சராசரியா எத்தனை நாள்?
செங்காங்: பாட்டு போட எவ்ளோ டைம் ஆகும் சிஸ்?
பெயர் வேண்டாம்: ஒரு ஆல்பம், 6 பாட்டு, எத்தனை மாசம்?

மூவருக்கும் சேர்த்து: தெம்பனிஸ் ஆசிரியைக்குச் சொன்னதைப் படியுங்கள். ஆல்பக்காரர் அதை ஆறால் பெருக்க வேண்டாம். ஆறு மெட்டையும் முதலில் முடித்து, ஒப்புதல் வாங்கி, ஆறு பாட்டின் தாள வாத்தியத்தையும் ஒரே அமர்வில் பதிவு செய்தால் பாதி நேரம் மிஞ்சும். ஒப்புதல் எழுத்தில். சொல்லிவிட்டேன்.

ஜூரோங், மரபுக்கவிஞர்: நல்லா சொன்னீங்க. ஆனா ஒண்ண விட்டுட்டீங்க. இப்ப எல்லாரும் மெட்ட முதல்ல குடுத்துட்டு ‘தானன தானா’வுக்கு வார்த்தை போடுங்கன்றாங்க. நேரம் வீணாப் போறதே அங்கதான். பாட்டு முதல்ல, மெட்டு பிறகு. அதான் தமிழ் மரபு.

உட்லண்ட்ஸ், கீபோர்டு: ஐயா, எண்சீர் விருத்தத்துல எழுதிக் குடுத்தா எல்லா வரியும் ஒரே நீளம். மெட்டு எங்க மூச்சு விடும்? மெட்டு முதல்ல வந்தாத்தான் புதுசா ஏதாவது வரும்.

இருவருக்கும் பாதிப் பாதி. மரபு என்று ஐயா சொல்வதை மட்டும் கொஞ்சம் பார்க்கலாம். திருப்புகழ்ப் பதிப்பைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘தனதன தானன’ என்று சந்தக் குழிப்பு அச்சிட்டிருக்கும். அந்த அச்சில் சொல் துல்லியமாக உட்கார்ந்திருக்கிறது. ஆக ஓசைக்குச் சொல் அமைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை.

நேரக் கணக்கில் சொன்னால், சந்தம் சீராக உள்ள வரிக்கு மெட்டுப் போடுவது வேகம். மெட்டுக்கு வரி எழுதுவது மெதுவாகப் போகும். மெட்டுக்காரர்கள் தத்தகாரம் (‘தானன’ போன்ற ஓசை அச்சு) கொடுக்கும்போது குறில் எது நெடில் எது என்று பாராமல் ‘லாலலா’ என்று பாடி அனுப்பிவிடுவதுதான் காரணம். நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் ‘மலை’ ‘மாலை’ ஆகும், ‘கலை’ ‘காலை’ ஆகும். கேட்பவருக்கு அர்த்தமே வேறு. அந்த இடத்தில் ‘ம’வைச் சட்டென்று விட்டுவிட்டு ‘லை’யை நீட்ட வேண்டும். ‘பட்டு’ மாதிரி வல்லின மெய் வந்தால் ஓசை அடைபடும், நீட்டவே முடியாது. ‘கண்’ என்றால் ‘ண்’ணில் நிற்கலாம். வரிக் கடைசியில் உச்சத்தில் நீட்டும் இடத்தில் ‘பாட்டு’, ‘காற்று’ போன்ற சொல்லை வைத்தால் பாடகர் ‘பாட்டூ’ என்றுதான் பாடுவார். குற்றியலுகரத்தை அங்கே வைக்காதீர்கள். ‘வா’, ‘நிலா’, ‘வானம்’ போல முடியட்டும்.

ஜூரோங், மரபுக்கவிஞர்: அதத்தான் நானும் சொல்றேன்! பாட்டு முதல்ல இருந்தா இந்த வம்பே இல்ல.

உண்டு ஐயா. வரி முதலில் இருந்தாலும் மெட்டுக்காரர் ‘மலை’யின் ‘ம’வை நான்கு அடி நீட்டினால் அதே வம்புதான். எது முந்தி என்பதில் இல்லை, நீளும் சுரம் எந்த எழுத்தில் விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. என் வழக்கம் இது: பல்லவியின் முதல் இரண்டு வரியைக் கவிஞர் தரட்டும், அதற்கு மெட்டு. அந்த மெட்டிலிருந்து சரணத்தை வளர்த்து, குறில் நெடில் குறித்த தத்தகாரமாகக் கவிஞருக்கே திருப்பி அனுப்புங்கள். மூன்று நாள் இழுபறி ஒரு நாளில் முடியும்.

உட்லண்ட்ஸ், கீபோர்டு: அப்ப ராப்புக்கு?

அங்கே உங்கள் பக்கம் நியாயம் அதிகம். தாளம்தான் முதல். ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பீஷான், குறும்படம்: முன்னாடியே கேட்டேன், பதில் வரலை. 12 நிமிஷப் படம், பின்னணி இசை எத்தனை நாள்? எடிட் இன்னும் கொஞ்சம் மாறும்.

எடிட் மாறும் என்றால் பதில் இல்லை. நாளைக்கு இரண்டு நிமிட இசை என்பது படத்துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 12 நிமிடமும் இசை வேண்டியிருக்காது. 7 நிமிடம் என்றால் நான்கு நாள், பதிவு தனி. ஆனால் பூட்டிய எடிட் (இனி மாறாதது) வேண்டும். நடுவில் 3 விநாடி வெட்டினால் அதற்குப் பிறகுள்ள ஒவ்வொரு இசைத் துண்டும் இடம் மாறும். படம் விநாடிக்கு 24 சட்டமா (ஃபிரேம்) 25 சட்டமா என்பதையும் எழுதி அனுப்புங்கள். 24இல் எடிட் செய்ததை 25இல் ஓட்டினால் 12 நிமிடம் 11 நிமிடம் 31 விநாடியாகச் சுருங்கும், உங்கள் முத்தாய்ப்பு திரையில் எழுத்து ஓடும்போது வரும்.

காலாங்: வயலின், வீணை சென்னையில வாசிச்சு வாங்கலாம்னு பாக்கறேன். எத்தனை நாள் கூடும்?

அவர்கள் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பது சிக்கல் இல்லை. திரும்ப வாசிக்கச் சொல்வதுதான் நாளைத் தின்னும். முதலிலேயே கிளிக் டிராக் (வேகம் காட்டும் தட்டொலி), இரண்டு பார் எண்ணிக்கை, வாசிக்க வேண்டிய சுரங்கள் எழுத்தில், ஆர்மோனியத்தில் வாசித்த மாதிரி எல்லாம் அனுப்புங்கள். கோப்பு எல்லாம் பூச்சிய விநாடியிலிருந்து தொடங்க வேண்டும். 48,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகள்) என்று எழுதிக் கேளுங்கள். அதில் பதிந்ததை 44,100இல் வைத்து ஓட்டினால் வேகம் 8 விழுக்காடு குறைந்து, சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். ‘வீணை தப்பாக வாசித்துவிட்டார்’ என்று அவர் மேல் பழி போடுவீர்கள். சுருதியை முடிவு செய்த பிறகு அனுப்புங்கள் என்று சொல்லத் தேவையில்லை. சொல்லிவிட்டேன்.

குவீன்ஸ்டவுன்: காசு வாங்கிட்டு போட்டுக் குடுத்த பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை இசை அதை அமைத்தவருக்குச் சொந்தம், வரி அதை எழுதியவருக்கு. காசு கொடுத்தவரிடம் நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால் கதை வேறு. வாழ்நாளும் அதன் பிறகு 70 ஆண்டும் உரிமை உண்டு. 2021 பதிப்புரிமைச் சட்டம் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. ராயல்டி கேள்விகளுக்கு கம்பாஸ் (இசையமைப்பாளர், பாடலாசிரியர்) சங்கத்தைக் கேளுங்கள்.

தோ பாயோ: வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல ரெக்கார்ட் பண்ணா ஏர்கான் சத்தம் வருது, என்ன செய்ய?

அணைத்துவிட்டுப் பாடுங்கள். மற்றது ஒலிப்பதிவாளரிடம்.

சுவா சூ காங்: மேல எல்லாம் படிக்க நேரமில்ல. ஒரே வரியில சொல்லுங்க, ஒரு பாட்டுக்கு எத்தனை நாள்?

யார் பாடுகிறார், எத்தனை கட்டை, எத்தனை நிமிடம், எந்தத் தேதிக்கு வேண்டும், ‘சரி’ சொல்லப்போவது யார்? இந்த ஐந்தையும் எழுதி அனுப்புங்கள், நாளைக் காலை சொல்கிறேன்.