‘ஸ்டொப்பிங்’குக்கு இரண்டு பீ, ‘விசிட்டிங்’குக்கு ஒரே டீ: ஏன்?

கேள்வி: என் மகள் ஹட்டனில் தரம் 10 படிக்கிறாள். ஹக்கல பூங்காவுக்குப் போய்வந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். நான்கு சொற்களில் சிவப்பு வட்டம். ‘ஸ்டொப்ட்’ என்பதில் ஒரு பீ போட்டாளாம், இரண்டு வேண்டுமாம். ‘ப்ளானிங்’கில் ஒரு என் போட்டாளாம், அதற்கும் இரண்டாம். ‘விசிட்டிங்’, ‘ரைட்டிங்’ இரண்டிலும் இரண்டு டீ போட்டாளாம், ஒன்றுதான் சரியாம். கேட்டால் “எழுத எழுதப் பழகிவிடும்” என்கிறார்கள். நான் தமிழ் மீடியத்தில் ஓ.எல். வரை படித்தவள். இதற்கு விதி ஏதும் உண்டா? நானே சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்: விதி உண்டு, சகோதரி. நீங்களே தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். இதில் பாதிக்குமேல் நீங்கள் தமிழ்ப் பாடத்தில் படித்ததுதான்.

முதலில் பிள்ளை ஏன் தடுமாறுகிறாள் என்று பார்ப்போம். கவனக்குறைவு என்று அவளை ஏசாதீர்கள். மீட்டிங், ரைட்டிங், விசிட்டிங், ஸ்டொப்பிங் என்று தமிழில் எழுதிப் பாருங்கள். எல்லாவற்றிலும் நாம் ‘ட்’, ‘ப்’ என்று ஒரு புள்ளியெழுத்தைச் சேர்க்கிறோம். சேர்க்காவிட்டால் தமிழில் அந்த வல்லின ஓசை வராது. ஆகவே தமிழ்ப் பிள்ளையின் காதில் எல்லா டீயும் இரண்டு டீயாகவே விழுகிறது. ஆங்கிலத்திலோ இரட்டித்த எழுத்து வாயில் இரட்டிப்பதில்லை. அது தனக்கு முன்னால் நிற்கும் உயிரெழுத்தைக் குறுகச் சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். ஆகவே இந்த விடயத்தில் காதை நம்பவே வேண்டாம், கொப்பியில் எழுத்தை எண்ணச் சொல்லுங்கள்.

இனி நம்முடைய விதி. கல் + ஐ என்றால் கல்லை. பால் + ஐ என்றால் பாலை. கடல் + ஐ என்றால் கடலை. ‘கல்’லில் மட்டும் ல் ஏன் இரட்டித்தது? “தனிக்குறின்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்” என்று நன்னூல் 205ஆம் நூற்பா சொல்கிறது. ஒரே ஒரு குறில், அதன் பின் ஒரு மெய், அடுத்து வருவது உயிர். மூன்றும் சேர்ந்தால் இரட்டிக்கும். பாலில் இருப்பது நெடில், கடலில் இரண்டு குறில், ஆகவே அங்கே இரட்டவில்லை.

இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். எழுத்துகளின் பெயரை வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன், நீங்கள் வாசிக்க வாசிக்கப் பிள்ளை எழுதட்டும். எஸ், டீ, ஓ, பீ: ஸ்டொப். ஓ என்ற ஒரே உயிர், பீ என்ற ஒரே மெய். பின்னால் வரும் ‘இங்’கும் ‘எட்’டும் ஐ, ஈ என்ற உயிரில் தொடங்குபவை. ஆகவே இது ‘கல்’. பீ இரட்டிக்கும். மீட் என்ற சொல்லில் ஈ இரண்டு, ஆகவே அது ‘பால்’. டீ ஒன்றுதான். விசிட் என்பது வி, சிட் என்று இரண்டு அசையுள்ள சொல் (ஆங்கிலத்தில் ‘சிலபல்’ என்பதைத்தான் அசை என்கிறேன்), ‘கடல்’ மாதிரி. அதற்கும் டீ ஒன்றுதான். ‘எஸ்’ மட்டும் சேர்ந்தால் அது உயிர் அல்ல, எனவே ‘ஸ்டொப்ஸ்’ என்பதில் ஒரு பீயே போதும்.

ஒரே ஒரு வித்தியாசம். தமிழில் நெடிலா குறிலா என்று ஓசையைப் பார்ப்போம், ஆங்கிலத்தில் எத்தனை உயிரெழுத்து எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘லுக்’ காதுக்குக் குறில்தான். ஆனால் எழுத்தில் ஓ இரண்டு. அதனால் ‘லுக்கிங்’குக்கு ஒரே கே.

நான் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்த காலத்தில் இதைக் கரும்பலகையை விடத் தேயிலை மலையில்தான் காட்டுவேன். கொழுந்தெடுப்பது ‘ப்ளக்’. முடிவில் சீ, கே என்று ஏற்கெனவே இரண்டு மெய் இருக்கின்றன, இன்னொன்று எதற்கு? அப்படியே ‘இங்’ சேர்க்கலாம். களையெடுப்பது ‘வீட்’, உள்ளே ஈ இரண்டு, அது ‘பால்’. கவ்வாத்து வெட்டுவது ‘ப்ரூன்’. அதன் கடைசியில் சத்தமில்லாத ஓர் ஈ இருக்கிறது. ‘இங்’ வந்ததும் அந்த ஈ போய்விடும், என் இரட்டாது. நாற்றுமேடையில் ஓர் இலையோடு நறுக்கி நடுகிற தண்டுக்கு ‘கட்டிங்’ என்கிறோமே, அது சீ, யூ, டீ. ஒரே உயிர், ஒரே மெய், அதனால் டீ இரண்டு. ஃபெக்டரியில் இலை வாட்டுவது ‘வித்தரிங்’, ஈரசைச் சொல், ஆர் ஒன்று. ‘ரோலிங்’கில் எல் இரண்டு இருப்பது இரட்டித்ததால் அல்ல, ‘ரோல்’ என்ற சொல்லிலேயே இரண்டு எல் உண்டு. ஒரு கொழுந்து ஃபெக்டரிக்குப் போய் உருட்டப்படுவதற்குள் விதி முழுவதும் வந்துவிடுகிறது.

சத்தமில்லாத அந்த ஈயை மறந்தால் பொருளே மாறிவிடும். ‘ஹோப்’ என்றால் நம்புவது, ஈ உண்டு. ‘ஹொப்’ என்றால் ஒற்றைக்காலில் தாவுவது, ஈ இல்லை. பீ ஒன்று போட்டால் நம்பிக்கொண்டிருக்கிறோம், இரண்டு போட்டால் தாவிக்கொண்டிருக்கிறோம். உங்கள் மகளின் ‘ப்ளானிங்’கும் அப்படித்தான். ஒரே என் போட்டால் அது ‘ப்ளேனிங்’, தச்சாசாரி இழைப்புளியால் பலகையை இழைப்பது. பயணத்தை இழைத்ததாக எழுதிவிட்டாள் பிள்ளை. அவளுடைய ‘ரைட்’டிலும் கடைசியில் ஈ இருக்கிறது, ஆகவே ‘ரைட்டிங்’குக்கு ஒரு டீ. ஆனால் ‘ரிட்டன்’ என்று வரும்போது டீ இரண்டு, ஏனென்றால் அங்கே உயிர் குறுகி ‘ரி’ ஆகிவிட்டது. ஒரே வினைக்குள் இரண்டு வடிவமும் இருப்பதால் இந்தச் சொல்லைத்தான் நான் எப்போதும் முதலில் காட்டுவேன்.

ஈரசைச் சொற்களில்தான் சிக்கல். விசிட், ஓப்பன், லிசன், ஒஃபர், என்ட்டர் ஆகியவற்றில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, இரட்டாது. ‘பிகின்’ என்பதில் அழுத்தம் பின்னசையில், அதனால் ‘பிகினிங்’கில் நடு என் இரண்டு. தமிழில் இப்படி அழுத்திப் பேசும் வழக்கம் இல்லாததால் நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடாது. அகராதியில் அழுத்தமான அசைக்கு முன்னால் சின்னதாக ஒரு நெட்டைக்கோடு இருக்கும், அதைப் பார்க்கப் பழக்குங்கள். ஓ.எல்.லுக்கு நான் சொல்லும் வழி இன்னும் எளியது. பின்னசை அழுத்தம் பெற்று இரட்டிக்கும் சொற்களில் பரீட்சைக்கு அடிக்கடி வேண்டியவை பத்துத்தான்: பிகின், ஃபொர்கெட், அட்மிட், பெர்மிட், கமிட், ரெஃபர், ப்ரிஃபர், ட்ரான்ஸ்ஃபர், அக்கர், ரிக்ரெட். இவற்றைப் பாடமாக்கிவிட்டு, மற்ற ஈரசைச் சொற்களுக்கு ஒற்றை எழுத்தே போடட்டும். பெரும்பாலும் பிழைக்காது.

எல்லில் முடிபவை மட்டும் தனி. ‘ட்ரவல்ட்’, ‘கென்சல்ட்’ இரண்டுக்கும் அழுத்தம் முதலில்தான், இருந்தும் எல் இரண்டு. இது பிரித்தானிய வழக்கம், நம் நாட்டுப் பாடசாலையும் அதைத்தான் பின்பற்றுகிறது. அமெரிக்கர் ஒரே எல் போடுவார்கள். 1828இல் வந்த நோவா வெப்ஸ்டரின் அகராதி அங்கே அந்த வழக்கத்தை ஊன்றச் செய்தது. பல ஃபோன்கள் அமெரிக்க எழுத்துக்கூட்டலில் இருப்பதால் சரியான சொல்லுக்கும் சிவப்புக் கோடு போடும், பிள்ளை அதைக் கண்டு ஓர் ‘எல்’லை அழித்துவிடக் கூடாது. டபிள்யூ, எக்ஸ், வை மூன்றும் கடைசியில் வந்தால் ஒருபோதும் இரட்டா: ஷோயிங், மிக்ஸிங், பேயிங்.

இன்றிரவு கொப்பியில் ஆறு சொல் எழுதிக்கொடுங்கள்: ரன், ரெயின், ஹெல்ப், டான்ஸ், ஃபொர்கெட், லிசன். ‘இங்’ சேர்க்கும் முன் ஒவ்வொன்றுக்கும் எதிரே இது கல்லா, பாலா, கடலா என்று தமிழில் எழுதட்டும். மூன்றிலும் சேராத சொல் வந்தால் ஏன் என்று அவளையே கேளுங்கள். ‘ஹெல்ப்’பில் எல்லும் பீயும் நிற்பதையும், ‘டான்ஸ்’ கடைசியில் ஈ ஒளிந்திருப்பதையும் அவளாகவே கண்டுபிடித்துச் சொல்வாள்.